முயலின் வயிறும் புல்லின் பெருமையும்

அன்பினால் உயிர்கள் தழைக்கின்றன என்பது உலகம் ஒப்பிய உண்மை. ஆயின், அறியாமையோடு கூடிய அன்பு தான் நேசித்த உயிரையே மாய்த்துவிடுவதும் உண்டு. வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படும் முயல்களின் வாழ்வில் இதனை அடிக்கடி காணலாம். பிள்ளையின் பிறந்த நாளுக்கென்று வெள்ளை முயல் ஒன்று வீட்டுக்கு வருகின்றது. வீட்டார் எல்லோரும் கூட்டைச் சூழ்ந்து நிற்கின்றனர். தாயார் கறட் துண்டொன்றை நீட்டுகின்றார். பாட்டியார் பாலில் நனைத்த பாணை வைக்கின்றார். சிறுவன் தன் பிஸ்கற்றில் பாதியை ஒடித்து உள்ளே இடுகின்றான். முயல் எல்லாவற்றையும் தின்கின்றது. அது தின்பதைக் கண்டு வீடு மகிழ்கின்றது. சில நாள்கள் சென்றதும் கூட்டின் தரை நனைந்து நாறுகின்றது. பின்பு ஒரு காலை, முயல் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒடுங்கி, எதனையும் தொடாது கிடக்கின்றது. “பாவம், இதற்குப் பிறவியிலேயே மென்மையான வயிறு” என்று வீட்டார் முடிவு செய்கின்றனர்.

அம்முடிவு பெரும்பாலும் பிழையானது. அந்த முயலின் வயிறு ஏனைய முயல்களின் வயிற்றைப் போன்றதே. எந்த உணவுக்காக இயற்கை அவ்வயிற்றை அமைத்ததோ, அவ்வுணவு அதற்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மை. அவ்வுணவு யாது என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம்: புல்.

முயல் தமிழருக்குப் புதிய பிராணி அன்று. முழுமதியின் மறுவை முயலென்று காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறூட்டும் வழக்கம் பழமையானது. எனினும், வானத்தில் பாட்டிமார் காட்டும் முயலும் கூட்டில் வளரும் முயலும் ஓரினத்தவை அல்ல. இலங்கையின் பற்றைக் காடுகளிலும் வயலோரங்களிலும் ஓடித்திரியும் காட்டுமுயல் வேறு. வீட்டில் வளரும் வெண்முயல் வேறு. காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. தரையிலேயே புல்மறைவில் குட்டி ஈனுகின்றது. அக்குட்டி உரோமத்தோடும் திறந்த விழிகளோடும் பிறக்கின்றது. வீட்டு முயலின் முன்னோர்களோ மண்ணுள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. அவற்றின் குட்டிகள் உரோமமின்றி, கண் மூடிய நிலையிற் பிறக்கின்றன. ஏறக்குறையப் பத்தாம் நாளிலேயே கண் திறக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் முயல் என்ற பெயரே வழங்குவதனால் வேறுபாடு மறைந்துவிட்டது.

வீட்டு முயலின் தாயகம் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்பானியா, போர்த்துக்கல், தென் பிரான்சு ஆகிய நிலங்களாகும். கோடையிற் காய்ந்தும் மாரியிற் பசுத்தும் கிடக்கும் மேட்டு நிலங்கள் அவை. அங்கே முயல்கள் புல்லையும் பூண்டையும் செடிப்பட்டையையும் மேய்ந்தே வாழ்ந்தன. சத்துக் குறைந்த, நார் மிகுந்த அவ்வுணவைக் கொண்டு அவை எத்துணைச் செழிப்பாகப் பெருகக்கூடியவை என்பதற்கு அவுஸ்திரேலிய நாடே சான்று. 1859 ஆம் ஆண்டில் விக்ரோறியா மாநிலத்தில் தோமஸ் ஒஸ்ரின் என்ற நிலக்கிழார் வேட்டைக்கென இரண்டு டசின் அளவான முயல்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். அவற்றின் வழித்தோன்றல்கள் சில பத்தாண்டுகளுள் கோடிக்கணக்கிற் பெருகி, மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கின. 1950 ஆம் ஆண்டில் ஒரு நோய்க்கிருமியைப் பரப்பியே அரசாங்கம் அவற்றின் தொகையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்த முயல்களுக்கு எவரும் கறட் நறுக்கி வைக்கவில்லை. பாணை நனைத்து ஊட்டவில்லை. புல்லும் பூண்டும் அவற்றுக்குப் போதுமாயிருந்தன.

புல்லிலிருந்து முயல் எவ்வாறு உயிர்ச்சத்தைப் பெறுகின்றது என்பது வியப்புக்குரிய செய்தியாகும். மாட்டுக்கு நான்கு அறைகளைக் கொண்ட இரைப்பை உண்டு. தின்றதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும் ஆற்றலும் உண்டு. முயலுக்கு இவை இரண்டும் இல்லை. அது வாந்தியெடுக்கவும் வல்லதன்று. உள்ளே சென்றது குடல் வழியே வெளியேறியாக வேண்டும். மாட்டின் இரைப்பை செய்யும் தொழிலை முயலிற் குருட்டுக்குடல் செய்கின்றது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் ஒரு பெரிய பைபோல அது அமைந்துள்ளது. மனிதனிடத்தில் அவ்வுறுப்பு மிகச் சிறியது. முயலிலோ, உணவுப்பாதை முழுவதும் அடங்கியிருக்கும் பொருளில் ஏறத்தாழ 40 வீதம் அந்த ஒரு பையினுள்ளேயே தங்கியிருக்கும். அங்கே எண்ணிறந்த நுண்ணுயிர்கள் குடியிருந்து, புல்லின் மென்மையான நாரை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன.

இதில் ஒரு நுட்பமான ஒழுங்கு உண்டு. பெருங்குடலின் தொடக்கத்திற் பொருள்கள் இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. நீண்ட, கடினமான நார் விரைவாக வெளியே தள்ளப்படுகின்றது. அதுவே நாம் கூட்டிற் காணும் உலர்ந்த, உருண்டையான வன்பிழுக்கை. நுண்ணிய துகள்களும் நீர்மமும் பின்னோக்கித் திருப்பப்பட்டுக் குருட்டுக்குடலை அடைகின்றன. அங்கே நொதித்த பின்னர், அவை திராட்சைக் குலைபோல ஒன்றோடொன்று ஒட்டிய, பளபளப்பான மென்பிழுக்கையாக வெளிவருகின்றன. முயல் அதனை நிலத்தில் விழவிடாது, குனிந்து வாயால் எடுத்து அப்படியே விழுங்கிவிடுகின்றது. புரதமும் உயிர்ச்சத்துகளும் அதன் வழியே முயலுக்குக் கிடைக்கின்றன. இதனை 1882 ஆம் ஆண்டில் மொரோ என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் விளக்கி எழுதினார். இதனைக் காணும் வீட்டார் சிலர் அருவருப்புற்றுத் தடுக்க முயல்வர். தடுத்தல் தகாது, அது முயலின் இரண்டாம் உணவு.

குடலை அசைத்து இயங்கச் செய்வது அந்த நீண்ட நாரே. அது குறைந்தால் குடல் சோம்பிப் போகின்றது. மாவும் சீனியும் மிகுந்தால், குருட்டுக்குடலின் நுண்ணுயிர்க் குடியிருப்பிற் குழப்பம் ஏற்படுகின்றது. நல்லவை குறைந்து, வாயுவையும் நஞ்சையும் உண்டாக்கும் கிருமிகள் பெருகுகின்றன. இவ்விரண்டும் சேரும்போதே, மென்மையான வயிறு என்று வீட்டார் கூறும் நிலை தோன்றுகின்றது.

முயலின் பல்லும் இதே செய்தியையே கூறுகின்றது. அதன் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் ஆண்டொன்றுக்குப் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேலும் வளரக்கூடும். நாள்முழுதும் புல்லை அரைப்பதனாலேயே அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. மென்மையான தீனைத் தின்னும் முயலின் கடைவாய்ப் பற்கள் கூராக வளர்ந்து நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். வாய் நோகும் முயல் புல்லைத் தவிர்க்கும். புல்லைத் தவிர்த்த முயலின் குடல் கெடும். ஆதலின் அடிக்கடி வயிறு கெடும் முயலின் வாயையும் மிருக வைத்தியரைக் கொண்டு பரிசோதித்தல் வேண்டும்.

இவ்வளவும் உண்மையாயிருக்க, முயல் என்றவுடன் கறட் நினைவுக்கு வருவது ஏன்? 1940 ஆம் ஆண்டு முதல் அமெரிக்கச் சித்திரப் படங்களிற் கறட்டைக் கடித்துக்கொண்டே வசனம் பேசிய பக்ஸ் பனி என்னும் முயலுக்கு இதில் பெரும் பங்குண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் போல, முயலின் உணவு கறட்டே என்று இன்றும் பலர் சாதிக்கின்றனர். கறட் ஒரு கிழங்கு. அதன் 100 கிராமில் ஏறத்தாழ 5 கிராம் சீனி உண்டு. காட்டிலுள்ள முயல் கிழங்கு தோண்டித் தின்பதை வழக்கமாகக் கொண்டதன்று. கறட்டின் தழை முயலுக்கு உகந்தது. கிழங்கோ எப்போதாவது விரல்நுனி அளவு கொடுக்கத்தக்க தின்பண்டம் மாத்திரமே. வயிறு கெட்ட முயலுக்கு அதுவும் ஆகாது.

1902 ஆம் ஆண்டில் வெளியான, பியற்றிக்ஸ் பொற்றர் அம்மையாரின் புகழ்பெற்ற சிறுவர் கதையை நேயர்கள் பலர் பாடசாலையிற் படித்திருப்பர். அதில் வரும் பீற்றர் என்னும் முயற்குட்டி, தோட்டக்காரரின் பாத்திகளிற் புகுந்து சலாது, போஞ்சி, முள்ளங்கி ஆகியவற்றை வயிறு புடைக்கத் தின்று, பின் வயிற்றுக் குமட்டலால் வருந்துகின்றது. பழக்கமில்லாத உணவைத் திடீரென மிகுதியாகத் தின்றால் வயிறு கெடும் என்ற அளவில் அக்கதை உண்மையோடு பொருந்துகின்றது. ஆயின், கதையின் முடிவில் நற்குணமுள்ள குட்டிகளுக்குப் பரிசாகக் கிடைக்கும் பாணும் பாலும் மெய்யான முயலுக்குப் பரிசாகமாட்டா. வளர்ந்த முயலுக்குப் பால் செரிக்காது. பாண் வெறும் மா.

கடைகளில் வண்ண வண்ணமாக விற்கப்படும் தானியக் கலவைத் தீனும் இவ்வாறானதே. எடின்பரோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 32 முயல்களை நான்கு பிரிவாக்கி, 17 மாதங்கள் வெவ்வேறு உணவு கொடுத்து அவதானித்தனர். முதலாம் பிரிவுக்கு உலர்புல் மட்டும். இரண்டாம் பிரிவுக்கு உலர்புல்லோடு ஆலையில் அமுக்கிச் செய்த உருளைத் தீன். மூன்றாம் பிரிவுக்கு உலர்புல்லோடு தானியக் கலவை. நான்காம் பிரிவுக்குத் தானியக் கலவை மட்டும். தானியக் கலவை பெற்ற முயல்கள் அதில் இனிப்பும் மாவும் மிகுந்தவற்றைப் பொறுக்கித் தின்று, நாருள்ளவற்றை ஒதுக்கின. புல் பெற்றவையும் அதனைக் குறைவாகவே தின்றன. தானியக் கலவையை மட்டும் தின்றவற்றிற் பற்கோளாறுகள் தோன்றின, பிழுக்கையும் குறைந்தது. இம்முடிவுகள் 2014 ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிடப்பட்டன. முயலின் விருப்பமும் முயலின் நலமும் ஒன்றல்ல என்பதை அவை தெளிவாக்கின.

இனி, வயிறு கெட்ட முயலை இயற்கை உணவுக்குத் திருப்பும் முறையைக் கருதுவோம். முதற்கண், கெட்டிருப்பது எவ்வகையில் என்று அறிதல் வேண்டும். வன்பிழுக்கை வழக்கம்போல் விழ, அதனோடு களிபோன்ற மென்பிழுக்கையும் கூட்டில் நசுங்கிக் கிடந்தால், அது பெரும்பாலும் உணவுக் குறையே. மாவும் சீனியும் மிகுந்த உணவால் மென்பிழுக்கை உருக்குலைந்து போவதுண்டு. உடல் பருத்து வளைய முடியாமையால் முயல் அதனை எடுத்துண்ணாது விடுவதும் உண்டு. இதற்கு மருந்து புல்லே. வன்பிழுக்கையே இன்றித் தண்ணீராகக் கழியுமானால் அது வேறு நோய். அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும்.

மாற்றம் மெதுவாக நிகழ வேண்டும். பழைய தீனை ஒரே நாளில் நிறுத்திப் பட்டினி போடுதல் பெருந்தவறு. பட்டினி கிடக்கும் முயலின் ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிருக்கே இடர் விளையும். பழத்தையும் பாணையும் பிஸ்கற்றையும் கடலையையும் உடனே நிறுத்தலாம். தானியத் தீனையோ இரண்டு முதல் நான்கு வாரங்களில் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தல் நன்று. அதே வேளையில், முயலின் உடலளவான உலர்புற் கற்றையொன்று எப்பொழுதும் கூட்டில் இருத்தல் வேண்டும். முயல் புல்லைத் தின்கின்றதா என்பதை ஊகித்தல் போதாது. வாரந்தோறும் தராசில் நிறுத்து, எடை குறையவில்லை என்று உறுதி செய்தல் வேண்டும். முடிவில், உணவிற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் புல்லும், ஏறத்தாழ ஒரு பங்கு இலைவகையும், எஞ்சிய சிறுபங்கு உருளைத் தீனுமாக அமைதல் தகும். உருளைத் தீன், முயலின் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேற்படலாகாது.

மேல்நாடுகளில் திமோதிப் புல்லை உலர்த்திக் கொடுக்கின்றனர். இலங்கையில் அப்புல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. அறுகம்புல் முற்றத்திலேயே படர்ந்து கிடக்கின்றது. கினிப்புல் வேலியோரங்களிலும் தோட்டங்களிலும் ஆளுயரத்துக்கு வளர்கின்றது. கினிப்புல்லைப் பூக்குமுன் பனி உலர்ந்த பின்னர் அறுத்து, மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் வெயிலில் அடிக்கடி புரட்டிக் காயவைத்தால் நல்ல உலர்புல் ஆகிவிடும். முறுக்கினால் நொறுங்கும் பதம் வந்ததும், காற்றோட்டமுள்ள சாக்கில் இட்டு, நிலத்திற் படாது உயரத்தில் வைத்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த புல் ஆபத்தானது. வாசனை கெட்டதை எறிந்துவிடுதலே முறை. நெல் வைக்கோல் முயலின் படுக்கைக்குப் பொருந்தும். சத்துக் குறைந்ததாகையால் அதனை மட்டும் உணவாகக் கொள்ளல் ஆகாது.

மாரி காலத்தில் தளதளவென்று முளைக்கும் இளம்புல்லை, பழக்கமில்லாத முயலுக்கு ஒரேயடியாகக் கொடுத்தலும் கழிச்சலை உண்டாக்கும். முதலிற் கைப்பிடியளவு கொடுத்துப் பழக்குதல் வேண்டும். வெட்டும் இயந்திரத்தால் நறுக்கிக் குவித்த புற்றரைத் துணுக்குகள் விரைவிற் சூடேறிப் புளித்துவிடுமாதலால் அவற்றைக் கொடுத்தலாகாது. தெருவோரப் புல்லும் மருந்து தெளித்த தோட்டப் புல்லும் விலக்கத்தக்கவை.

இலைவகையில், கொத்தமல்லித் தழை, புதினா, துளசி, கறட் தழை என்பன நல்லவை. வயிறு கெட்ட முயலுக்குப் பிழுக்கை சீராகும் வரையிற் புல் மட்டும் போதும். அதன்பின் ஒரு வேளைக்கு ஒரு வகை இலையைச் சிறிதளவு கொடுத்து, இரண்டு மூன்று நாள் பிழுக்கையை அவதானித்து, குறையில்லையேல் அடுத்த வகையைச் சேர்க்கலாம். ஒரே நாளில் ஐந்து வகை கொடுத்தால், குற்றவாளி எது என்று கண்டறிய முடியாது. கோவாவைச் சில முயல்கள் தாங்கும். சிலவற்றுக்கு வாயுவை உண்டாக்கும். வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, ஆனைக்கொய்யா ஆகியவை எந்த முயலுக்கும் ஆகா. முற்றத்து அலரியும், வேலியோரத்து ஊமத்தையும் ஆமணக்கும் நஞ்சு. வெளியே மேயவிடுவோர் இதனை மறத்தலாகாது.

நீரும் உணவின் ஒரு பகுதியே. கடுங்கோடையில், சிறப்பாக வரண்ட பிரதேசங்களில், முயல் வெப்பத்தால் தளர்ந்து உணவைக் குறைத்துவிடும். அகன்ற கிண்ணத்திற் குளிர்ந்த நன்னீரும், கூட்டுக்கு நல்ல நிழலும் இருந்தால் புல் தின்பதும் குறையாது. குட்டிகளின் வயிறு இன்னும் நொய்தானது. எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்து விற்கப்படும் குட்டிகள் பல, கழிச்சலால் இறந்துபோகின்றன. அத்தகைய குட்டியை வாங்காதிருத்தலே அதற்குச் செய்யும் உதவியாகும்.

முயல் தன் துன்பத்தை மறைக்கும் பிராணி. காட்டிற் பலவீனத்தைக் காட்டிய முயல் முதலில் இரையாகும். அந்தப் பழக்கம் கூட்டிலும் மாறவில்லை. ஆகவே அதன் மொழி பிழுக்கையே. பெரிதாகவும் உலர்ந்தும் நாரோடும் விழுந்தால் நலம். சிறுத்து, எண்ணிக்கை குறைந்தால் எச்சரிக்கை. பன்னிரண்டு மணி நேரம் உணவும் கொள்ளாது பிழுக்கையும் இடாதிருந்தால், விடியட்டும் பார்ப்போம் என்று காத்திருத்தல் தகாது; குடல் நின்றுபோன முயல் ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். பின்புறம் கழிவால் நனைந்திருக்கும் முயலில் ஈக்கள் முட்டையிட, வெப்ப நாட்டில் ஒரு நாளுக்குள்ளேயே புழுக்கள் தோன்றித் தசையை அரிக்கும். காலையும் மாலையும் பின்புறத்தைப் பார்த்தல் கடமையாகும்.

மற்றொன்றும் மறக்கலாகாதது. வீட்டில் எஞ்சியிருக்கும் மனிதருக்கான மருந்தை முயலுக்குக் கொடுத்தல் கூடாது. அமொக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால், அவை குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று, முயலையும் கொன்றுவிடும். எந்த மருந்து, எந்த வழியில் என்பதை மிருக வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்வாறெல்லாம் கூறுமிடத்து, முயல் வளர்த்தல் பெருந்தொல்லை என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது. கறட்டுக்கும் பிஸ்கற்றுக்கும் செலவிடும் பணம் மிஞ்சுகின்றது. சிறுவன் மாலையில் அரிவாளோடு வேலியோரம் சென்று கைப்பிடி புல் அறுத்து வருகின்றான். அதனைக் காய வைக்கவும், தராசில் முயலை நிறுக்கவும், பிழுக்கையைப் பார்த்து நலம் அறியவும் பழகுகின்றான். தனக்கு இனிப்பது மற்றோர் உயிருக்கும் இனிமையாக வேண்டுமென்பதில்லை என்ற பாடத்தையும் அவன் அங்கேயே கற்றுக்கொள்கின்றான். பேச்சற்ற உயிரொன்றைக் காப்பவர், தம் விருப்பத்தை அதற்கு ஊட்டாது, அதன் இயல்பை அறிந்து அதற்கேற்பக் கொடுத்தலே மெய்யான அன்பாகும். முயலின் பொருட்டு அவ்வன்பு வேலியோரத்திற் செலவின்றி வளர்ந்து நிற்கின்றது. அதன் பெயர் புல்.